சதுரகராதியில் சொல் தேடும் முறை

வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதியை இன்றைய அகராதிபோல் எண்ணித் திறப்பவர், ஒரே சொல் ஏன் வெவ்வேறு இடங்களில் வருகிறது என்று திகைக்கக்கூடும். பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளும் தனித்தனி அகராதிகள். ஆகவே, நூலைப் புரட்டும் முன் உங்கள் தேவை எதுவென்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சொல் தெரிந்து பொருள் தெரியாவிட்டால் பெயரகராதிக்குச் செல்லுங்கள். திருமால், சிங்கம், குதிரை, பகைவன் எனப் பல பொருள் தரும் ‘அரி’ போன்ற சொல்லில், முதலில் கண்ட பொருளோடு நிறுத்திவிடாமல், செய்யுளின் இடமறிந்து பொருத்துவது இன்றியமையாதது. பொருள் தெரிந்து அதற்குரிய வேறு பெயர்கள் வேண்டுமாயின் பொருளகராதி உதவும். முக்கனி, ஐம்பொறி போன்ற தொகைப்பெயர்களின் விரிவைத் தொகையகராதியில் தேடுங்கள். எதுகைச் சொற்களுக்குத் தொடையகராதி. பாப்புனைவோர்க்கு அது பெருந்துணை.

திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள், அதாவது பழைய சொற்பொருள் நூல்கள், மனப்பாடத்திற்கென நூற்பாக்களில் அமைந்தவை. சூத்திரம் நினைவில் இல்லாதவர்க்குச் சொல் எளிதில் அகப்படாது. இத்தாலியில் பிறந்து, வளர்ந்தபின் தமிழ் கற்றவர் முனிவர். புதிதாய்க் கற்பவரின் இந்த இடரை அவர் நன்கு உணர்ந்திருப்பார் என்றே நான் கருதுகிறேன். சதுரகராதியின் அகரவரிசை அவ்விடரைப் பெரிதும் நீக்கியது.

பழஞ்சுவடியிலிருந்து சொல்லெடுத்துத் தேடுவோர், எகர ஒகரங்களின் குறில் நெடிலை இரு வழியாகவும் பார்த்துவிடுங்கள். குறிலைக் காட்டும் புள்ளி சுவடிகளில் விடுபட்டிருப்பதால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.