ஸ்பிங்ஸ் சிலையைப் பார்ப்பது எப்படி: முகத்தைக் கடைசிக்கு வையுங்கள்

மியூசியத்தில் சிங்க உடம்பும் மனிதத் தலையும் கொண்ட ஸ்பிங்ஸ் ஒன்றைக் கண்டதும் எல்லோரும் நேராக முகத்துக்குப் போய்விடுகிறார்கள். யார் இது, ராஜாவா ராணியா, மூக்கு ஏன் இல்லை என்று. நான் சொல்வது இதற்கு நேர் எதிர். முதலில் உடம்பைப் பாருங்கள், அப்புறம் அது எங்கே, எதைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது என்று கேளுங்கள், அப்புறம் தலையில் என்ன அணிந்திருக்கிறது என்று பாருங்கள், முகம் அதற்கும் பிறகுதான். முகம் உடைக்கப்படும், அரசன் மாறினால் மேலே வேறு பெயர் வெட்டப்படும், ஆனால் படுத்திருக்கும் விதமும் இறக்கையும் வாலும் எந்த ஊர்ச் சிற்பி செய்தது என்பதைச் சொல்லிவிடும்.

முதல் வேலை, அது ஸ்பிங்ஸ்தானா என்று உறுதி செய்வது. பாதத்தைப் பாருங்கள். நகமுள்ள சிங்கப் பாதமாக இருந்து தலை மனிதத் தலையாக இருந்தால் சரி. குளம்பு இருந்தால் அது மாடு: இன்றைய ஈராக் பக்கத்துப் பழைய அசீரிய அரண்மனை வாசல்களில் நிற்கும் தாடி வைத்த, இறக்கை முளைத்த லமஸ்ஸு பெரும்பாலும் காளை உடம்புதான். சிங்க உடம்பு கொண்ட லமஸ்ஸுவும் உண்டு, அங்கே காலை எண்ணினால் போதும். முன்னால் நின்றால் இரண்டு கால், பக்கவாட்டில் நின்றால் நான்கு கால் தெரியும்படி மொத்தம் ஐந்து கால் வைத்துச் செதுக்கியிருப்பார்கள். கழுகுத் தலை இருந்தால் அது கிரிஃபின் என்ற வேறு கற்பனை மிருகம். நம் பக்கத்து நரசிம்மர் இதற்குத் தலைகீழ், சிங்கத் தலையும் மனித உடம்பும். பெண் முகமும் பசு உடம்புமாக இருந்தால் காமதேனு.

அடுத்தது இறக்கை. இறக்கையோடு, பெண் முகத்தோடு, முன்காலை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் கிரேக்கம். நாக்சோஸ் தீவுக்காரர்கள் கிரேக்கக் கோயில் ஊரான டெல்ஃபிக்கு கி.மு. 560 வாக்கில் காணிக்கையாகக் கொடுத்த ஸ்பிங்ஸ் இதற்கு நல்ல மாதிரி. சிலை 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அது உட்கார்ந்திருந்த தூணோடு சேர்த்து 12 மீட்டருக்கும் மேல். கிரேக்கக் கதையில் ஈடிபஸ் என்ற வீரனிடம் ஸ்பிங்ஸ் விடுகதை போட்டதைப் படித்துவிட்டு இதை வெறும் ராட்சசியாக நினைக்க வேண்டாம். ஏதென்ஸ் பக்கத்தில் செல்வந்தர்கள் தங்கள் பிள்ளைகளின் கல்லறைத் தூண் உச்சியில் இதையேதான் காவலுக்கு வைத்தார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் கி.மு. 530 வாக்கில் ஒரு இளைஞனுக்கும் சிறுமிக்கும் எழுப்பிய தூண் இருக்கிறது, 4 மீட்டருக்கு மேல் உயரம், அதன் உச்சியில் ஒரு ஸ்பிங்ஸ். அங்கே போனால் கீழே இருக்கும் இளைஞனோடு நின்றுவிடாமல் அண்ணாந்து பாருங்கள்.

இறக்கையும் இருந்து, தாடியும் இருந்து, ஜோடியாகவும் இருந்தால் பாரசீகம் என்று நினைக்கலாம். சூசா நகரில் பாரசீக அரசன் முதலாம் டேரியஸின் அரண்மனைச் சுவரில் இருந்த வண்ணப் பளபளப்புச் செங்கல் ஸ்பிங்ஸ்கள் இப்போது பாரிஸ் லூவ்ரில் இருக்கின்றன, இரண்டும் தலையைப் பின்னால் திருப்பியிருக்கும். துருக்கியில் ஹிட்டைட்டுகள் என்ற பழங்கால மக்களின் ஹட்டூசா நகரில் ஸ்பிங்ஸ் நின்றது கோட்டை வாசலில். அதில் ஒன்று நெடுங்காலம் பெர்லினில் இருந்துவிட்டு 2011-ல்தான் துருக்கிக்குத் திரும்பியது.

எகிப்துக்கு மட்டும் நிதானமாக நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலும் இறக்கை இல்லை, முன்காலை நீட்டிப் படுத்திருக்கும், வால் பின்தொடையை ஒட்டிச் சுருண்டிருக்கும், அதைப் பார்க்கச் சிலையின் பின்பக்கம் போகத்தான் வேண்டும். சிலவற்றில் முன்காலுக்குப் பதில் மனிதக் கை இருக்கும், கையில் ஒரு குடம் இருக்கும், அப்படியென்றால் அரசன் கடவுளுக்குப் படையல் வைக்கிறான் என்று அர்த்தம். தலையில் கோடு போட்ட நெமெஸ் துணி, நெற்றியில் படமெடுத்த நாகம், இரண்டும் அரசனுக்கு உரியவை. நாகம் ஒன்றா இரண்டா என்று பாருங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் தஹார்கா ஸ்பிங்ஸுக்கு இரண்டு நாகம், அது சூடானிலிருந்து வந்து எகிப்தையும் ஆண்ட குஷ் அரசர்களின் அடையாளம். நெமெஸ் துணியே இல்லாமல் முகத்தைச் சுற்றிச் சிங்கப் பிடரி இருந்தால் எகிப்திய அரசன் மூன்றாம் அமெனெம்ஹத் காலத்து வகையாக இருக்கலாம். தாடி இருப்பதால் ஆண் என்று முடிவு கட்டாதீர்கள், ஹட்ஷெப்சுட் ராணியின் கிரானைட் ஸ்பிங்ஸுக்கும் தாடி உண்டு, அது அரசப் பதவியின் தாடி.

மேலே வெட்டிய பெயரை நம்புவதிலும் கவனம் வேண்டும். மூன்றாம் அமெனெம்ஹத்தின் பிடரி வைத்த ஸ்பிங்ஸ்கள் எகிப்தின் டானிஸ் நகரில் கிடைத்தபோது அவற்றின் மேல் வெளியிலிருந்து வந்து ஆண்ட ஹிக்சோஸ் அரசன், இரண்டாம் ராம்செஸ், மெர்னெப்டா, முதலாம் சூசென்னெஸ் என்று வரிசையாகப் பலர் பெயர் இருந்தது. பழையதை எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்வது அங்கே அரசர்களுக்கு வழக்கம். அதனால் மியூசியப் பலகையில் இரண்டு மூன்று அரசர் பெயர் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், உடம்பின் பாணியோடு ஒத்துப்போகும் பழைய பெயர் எது என்று பாருங்கள்.

எகிப்தில் கிசாவின் பெரிய ஸ்பிங்ஸுக்குப் போனால் எல்லோரும் நிற்கும் இடத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் பக்கவாட்டுக்கு நகருங்கள். சுமார் 73 மீட்டர் நீளம், 20 மீட்டர் உயரம், இருந்த இடத்துச் சுண்ணாம்புப் பாறையையே குடைந்து செய்தது. கி.மு. 26-ஆம் நூற்றாண்டின் காஃப்ரே மன்னன் காலத்தது என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் முடிவு. பக்கவாட்டில் நின்றால் இரண்டு விஷயம் தெரியும். உடம்புக்குத் தலை சின்னது. உடம்பு முழுக்க வரி வரியாக அரித்திருக்க, தலை மட்டும் ஓரளவு கூர்மையாக நிற்கிறது. தலை இருக்கும் அடுக்கு கடினமான பாறை, உடம்பின் அடுக்குகள் மிருதுவானவை, அவ்வளவுதான் காரணம். பாதத்தைச் சுற்றியிருக்கும் கட்டுக்கற்கள் பல காலத்துப் பழுதுபார்ப்பு. முன்காலுக்கு நடுவே நிற்கும் கல்வெட்டுப் பலகை அரசன் நான்காம் துட்மோஸ் நட்டது, கி.மு. 1400 வாக்கில். இளவரசனாகத் தூங்கியபோது கனவில் வந்து, மணலை அகற்று, உன்னை அரசனாக்குகிறேன் என்று இது சொன்னதாக அதில் எழுதியிருக்கிறான். ஆக, அவன் காலத்திலேயே இது ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய சிலை! மூக்கை நெப்போலியன் பீரங்கியால் உடைத்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 1737-ல் நோர்டன் என்ற டென்மார்க்காரர் வரைந்த படத்திலேயே மூக்கு இல்லை, நெப்போலியன் பிறந்தது 1769-ல்.

எகிப்தின் லக்சர், கர்னக் கோயில்களை இணைக்கும் ஸ்பிங்ஸ் சாலை சுமார் 2.7 கிலோமீட்டர், 2021 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். கர்னக் பக்கம் சிலவற்றுக்கு மனிதத் தலைக்குப் பதில் செம்மறிக் கடாத் தலை இருக்கும். அது ஆமூன் கடவுளின் மிருகம், அதன் முகவாய்க்குக் கீழே, முன்காலுக்கு நடுவே, சின்னதாக அரசன் நிற்பான். யார் யாரைக் காக்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நம் கோயில்களில் தேட வேண்டியது புருஷாமிருகம். எகிப்திலிருந்து வந்தது என்று இணையத்தில் கிளம்பும் பேச்சை நம்பி அங்கே போகாதீர்கள், இதற்கு இங்கேயே சொந்தக் கதை உண்டு. தாடியும் சடையும் வைத்த மனித முகம், மிருக உடம்பு, தீவிர சிவபக்தன். தருமரின் யாகத்துக்காக இதை அழைத்துவரப் போன பீமன், அது துரத்தும்போதெல்லாம் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட, அது லிங்கமாகிவிட, புருஷாமிருகம் நின்று பூஜை செய்ய, இப்படியே 12 இடம் ஓடியதாகக் கன்னியாகுமரி மாவட்டத்தில் சொல்வார்கள். சிவராத்திரியன்று திருமலை தொடங்கி திருநட்டாலம் வரை 12 கோயிலுக்கு 'கோவிந்தா கோபாலா' என்று கூவிக்கொண்டு ஓடும் சிவாலய ஓட்டம் இந்தக் கதையில்தான் நிற்கிறது. புருஷாமிருகத்தின் எல்லைக்குள் பிடிபட்டால் பீமன் அதற்கே சொந்தம் என்பது பேச்சு, கடைசியில் அவனுடைய ஒரு கால் எல்லைக்கு இந்தப்பக்கம், ஒரு கால் அந்தப்பக்கம், பாதி உடம்பு புருஷாமிருகத்துக்கே சொந்தம் என்று தருமர் தம்பிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்கிறார். அதனால் தூணில் பார்க்கும்போது பக்கத்தில் கதாயுதத்தோடு பீமன் இருக்கிறானா என்று தேடுங்கள், நெல்லை கிருஷ்ணாபுரத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். யாளியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், யாளிக்குப் பெரும்பாலும் மனித முகம் இருக்காது.

இன்னொரு ஸ்பிங்ஸ் உங்கள் வீட்டு நந்தியாவட்டையிலோ அரளியிலோ இருக்கலாம். ஸ்பிங்ஸ் அந்துப்பூச்சிகளுக்கு அந்தப் பெயர் வந்ததே அவற்றின் புழுவால்தான், தொட்டால் முன்னுடம்பைத் தூக்கி, தலையை உள்ளே இழுத்து அசையாமல் நிற்கும். அரளியைத் தின்னும் வகை, விரல் பருமனில் பச்சையாக, வால் பக்கம் ஒரு கொம்போடு இருக்கும். முன்னால் இரண்டு நீலக் கண் தெரியும், அவை கண்ணே அல்ல, பறவையை மிரட்டும் புள்ளிகள், உண்மையான தலை அதற்கு முன்னால் சின்னதாக ஒடுங்கியிருக்கும். இங்கேயும் முகம் கடைசிதான். இலை மொட்டையாகி, தரையில் மிளகு அளவு எச்சம் கிடந்தால் அதற்கு நேர் மேலே தேடுங்கள். வளர்த்துப் பார்க்க ஆசையென்றால் காற்றோட்டமான டப்பாவில் அது தின்ற அதே செடியின் இலையைத் தினமும் புதிதாக வையுங்கள், அரளிப் பால் விஷம், கையைக் கழுவிக்கொள்ளுங்கள், குழந்தைகளைத் தனியாக விடாதீர்கள். புழு நிறம் மங்கிப் பழுப்பாகி அலைய ஆரம்பித்தால் கூட்டுப்புழுவாகப் போகிறது, அடியில் தளர்ந்த மண்ணும் மேலே காய்ந்த சருகும் போடுங்கள். கூடவே ஒரு சொரசொரப்பான குச்சியைச் சாய்த்து வைக்க மறக்காதீர்கள், இரண்டு மூன்று வாரத்தில் வெளியே வரும் பூச்சி அதைப் பிடித்து ஏறித் தொங்கினால்தான் இறக்கை ஒழுங்காக விரியும்.