முதல் டபுள் ஐபிஏ-வை எப்படிக் குடிப்பது?

கலிபோர்னியாவுக்கு வந்த புதிதில் நான் வாங்கிய முதல் ஆறு ஐபிஏ (இந்தியா பேல் ஏல் என்ற கசப்பு பீர்) பாட்டில்களில் நான்கு சிங்க்கில்தான் போயின. காசு கொடுத்து வேப்பிலைக் கஷாயம் குடிப்பானேன் என்று ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகுதான் தெரிந்தது, வாங்கியதிலும் தப்பு, குடித்ததிலும் தப்பு. இப்போது புதிதாக யாராவது கேட்டால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

டபுள் ஐபிஏ என்றால் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவும் ஆல்கஹாலும் கூடுதலாக உள்ள ஐபிஏ. எடுத்துக்காட்டுக்கு சான்டா ரோசாவில் ரஷ்யன் ரிவர் ஆலை காய்ச்சும் 'பிளினி தி எல்டர்'. 8% ஆல்கஹால், பொன்னிறம், நல்ல கசப்பு. இதைக் காய்ச்சும் வின்னி சிலூர்சோ, 1994-இல் டெமெக்குலாவில் 'பிளைண்ட் பிக்' ஆலையில் இருந்தபோது செய்ததைத்தான் முதல் டபுள் ஐபிஏ என்று பலரும் சொல்கிறார்கள். பிளினி கிடைக்காவிட்டால் 'வெஸ்ட் கோஸ்ட்' என்று எழுதியிருக்கும் 8% பீர் எதுவானாலும் சரி. பழச்சாறு மாதிரி கலங்கலாக வரும் 'ஹேஸி' வகை வேறு. அதில் ஆரம்பித்தால் கசப்பு பழகாது என்பது என் கட்சி.

1. தேதியைப் பாருங்கள்

நான் விழுந்த குழி இதுதான். அது அக்டோபர் மாதம். பாட்டிலில் 04/09 என்று அச்சடித்திருந்தது. செப்டம்பர் 4, ஒரு மாதம்தான் ஆகிறது, புதுசு என்று சந்தோஷமாக எடுத்து வந்தேன். அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. அது ஏப்ரல் 9. ஆறு மாதப் பழசு, அதுவும் ஃப்ரிட்ஜில் வைக்காமல் கடை அலமாரியில் கிடந்தது. திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம், நாக்கில் பாகு மாதிரி ஒரு தித்திப்பு, அதன் பின்னால் காறலான கசப்பு. ஐபிஏ என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

"இந்தியாவுக்கு மாசக்கணக்காகக் கப்பலில் வந்த பீர்தானே, பழசானால் என்ன?" என்று நானும் வாதாடியிருக்கிறேன். வந்தது உண்மைதான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஹாட்ஜ்சனின் போ ஆலையிலிருந்தும், 1820-களிலிருந்து பர்ட்டன் ஊர் ஆலைகளிலிருந்தும், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பீப்பாய்கள் இந்தியாவுக்கு வந்தன. ஹாப்ஸில் உள்ள கசப்பு அமிலங்கள் பாக்டீரியாவைத் தடுக்கும், அதனால் பீர் புளிக்காது. ஆனால் நாம் இன்று காசு கொடுப்பது வாசனைக்கு. அது ஹாப்ஸ் எண்ணெயில் இருக்கிறது, ஆக்ஸிஜன் பட்டால் சீக்கிரம் போய்விடும். 'சேர்த்து வைக்காதே, புதிதாகக் குடி' என்று பிளினி பாட்டிலின் லேபிளே கெஞ்சுகிறது.

என் கணக்கு: ஒரு மாதத்துக்குள் என்றால் அருமை, மூன்று மாதம் எல்லை, அதற்கு மேல் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். சில ஆலைகள் நிரப்பிய தேதியைப் போடாமல் 'இதற்குள் குடிக்கவும்' என்ற தேதியைப் போடும். எந்தத் தேதி என்று படித்துவிட்டு எடுங்கள். வெளிச்சத்தில் வைத்த பச்சை, வெள்ளை பாட்டில்களும் வேண்டாம். வெயில் பட்டால் நாற்றமடிக்கும்.

2. கிளாஸ்

டுலிப் கிளாஸ் இருந்தால் நல்லது, ஒயின் கிளாஸே போதும். பாட்டிலோடு குடித்தால் மூக்குக்கு வேலையே இல்லை. ஃப்ரீசரில் வைத்துப் பனி பூத்த கிளாஸும் கூடாது.

சாம்பார் கிண்ணம் தேய்த்த ஸ்பாஞ்சில் இதைத் தேய்க்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு துளி ஒட்டினாலும் நுரை நிற்காது. ஊற்றிய பிறகு குமிழிகள் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சுத்தமில்லை.

3. ஊற்றுவது, காத்திருப்பது

கிளாஸைச் சாய்த்து ஊற்ற ஆரம்பித்து, பாதி நிரம்பியதும் நிமிர்த்துங்கள். இரண்டு விரல் உயரம் நுரை வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் அது 4 டிகிரி இருக்கும், அந்தக் குளிரில் கசப்பு மட்டும்தான் தெரியும். பத்துப் பதினைந்து நிமிஷம் விடுங்கள். 8-லிருந்து 12 டிகிரிக்குள் வாசனை எழும்.

4. மூக்கு

நீளமாக இழுக்காமல், குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று முறை மோந்து பாருங்கள். அமெரிக்கர்கள் எழுதும் வாசனைப் பட்டியலை விடுங்கள், நமக்குத் தெரிந்ததைத் தேடுவோம். முதலில் பம்ளிமாஸ் தோலை உரித்த கை. அப்புறம் ஊட்டியில் பைன் காட்டுக்குள் நடந்த வாசம். மூன்றாவதைக் கண்டுபிடிக்க எனக்கு வெகு நாளாயிற்று: பச்சை மாங்காயைக் காம்போடு கிள்ளினால் கசியும் பால். கற்பனை இல்லை, மிர்சீன் என்ற எண்ணெய்ப் பொருள் மாங்காயிலும் உண்டு, ஹாப்ஸிலும் உண்டு. (கஞ்சா வாசம் வருகிறது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்.)

5. வாய்

முதல் வாயை நம்பாதீர்கள். நாக்கு அதிர்ச்சியில் இருக்கும். சின்ன வாயாக எடுத்து, வாய் முழுக்கப் படவிட்டு, விழுங்கிவிட்டு, வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். ஒயின்காரர்கள் போலத் துப்பிவிட்டால் பின்கசப்பு முழுசாகத் தெரியாது. மூன்றாவது வாயில்தான் கசப்புக்குக் கீழே மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) ரொட்டி மணம் வரும். நல்ல பீரில் கசப்பு ஏறி, நின்று, சுத்தமாக இறங்கிவிடும், டிகாக்‌ஷன் தூக்கலான காபி போல. தொண்டையில் ஒட்டிக்கொண்டு உறுத்தினால் அது நல்ல கசப்பு இல்லை.

510 மில்லி பாட்டிலில் 8% என்றால் சுமார் 41 மில்லி சுத்த ஆல்கஹால். 355 மில்லி, 5% சாதா பீரில் அது 18 தான். ஒரு பாட்டில் இரண்டேகால் பீருக்குச் சமம். இரண்டு பேர் பகிர்ந்து குடியுங்கள், கார்ச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: சிக்கன் 65-ஓடு குடித்து வாய் வெந்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். வேகத்தான் செய்யும். ஆல்கஹாலும் கசப்பும் மிளகாய்க் காரத்தைத் தூக்கிவிடும். கொழுப்பும் உப்பும் இருக்கிற எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். செடார் சீஸ், வறுத்த முந்திரி, என்னைக் கேட்டால் வெண்ணெய் முறுக்கு. பாகற்காயில் உப்புப் போட்டுப் பிசறுகிறோமே, கசப்பை உப்பு அமுக்கும் வேலைதான் இங்கேயும்.

பின்சேர்க்கை 2: கேனின் அடியில் தேதியே இல்லை, 247 என்று மட்டும் இருக்கிறது என்று இன்னொருவர் கேட்டார். சில ஆலைகள் வருஷத்தின் எத்தனையாவது நாள் என்று போடுவார்கள். 247 என்றால் செப்டம்பர் 4, லீப் வருஷமானால் 3. பக்கத்தில் வருஷத்தின் கடைசி எண் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், போன வருஷத்து 247-ஆகவும் இருக்கலாம்.