பருவும் அரிப்பும் சேர்ந்து வந்தால்: மருந்துக் கடைக்காரி சொல்லும் தவறுகள்

போன மாதம் எங்கள் சத்துவாச்சாரி கடைக்கு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். "அண்ணா, மூஞ்சியெல்லாம் பிம்பிள்ஸ். ராத்திரியானா ஒரே அரிப்பு. எம்மாம் நாளா போவ மாட்டேங்குது" என்றாள். டி.பார்ம் என்ற மருந்தாளுநர் படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நேராக அலமாரியிலிருந்து ஸ்டீராய்டு கலந்த ஒரு ட்யூபை எடுத்து நீட்டினான். நான் அதைப் பிடுங்கி உள்ளே வைத்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் அதே கலவையை என் முகத்தில் நானே தடவிக்கொண்டவள் நான்.

பருவைக் கிள்ளாதே, தலையணை உறையை மாற்று என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

அரிக்கிறதா என்று கேட்காமல் விடுவது

சாதாரணப் பரு வலிக்கும், பழுக்கும். பக்கத்திலேயே கரும்புள்ளிகளும் இருக்கும். பெரிதாக அரிக்காது. பொட்டுப் பொட்டாக ஒரே அளவில் கிளம்பி, கரும்புள்ளியே இல்லாமல் அரித்துக்கொண்டே இருந்தால் அது வேறு சமாச்சாரமாக இருக்கலாம். நெற்றி, மார்பு, முதுகில் என்றால் மலசேசியா என்ற பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். வேலூர் கத்திரி வெயிலில் ஹெல்மெட்டுக்குள் வெந்துபோகிற நெற்றிக்கு இது நன்றாகவே வரும். பரு என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் மாத்திரை போட்டால் இன்னும் கூடும். கன்னம், மூக்கைச் சுற்றி, இமையோரம் சிவந்து, பொருபொருவென்று மாவு உதிர்ந்தால் டெமோடெக்ஸ் என்ற உண்ணியையும் சந்தேகப்பட வேண்டும். இமை முடியின் அடியில் குழாய் மாதிரி செதில் ஒட்டியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

சொறி சிரங்கு உண்ணியோடு குழப்பிக்கொள்வது

இரண்டும் உண்ணிதான், ஆனால் குணம் வேறு. சிரங்கு உண்ணி தோலைக் குடைந்து போகும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொப்புள் என்று அரிக்கும். பெரியவர்களுக்கு முகத்தில் வருவது அபூர்வம். வீட்டில் இன்னொருவரும் சொறிந்துகொண்டிருப்பார். அதற்கு 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீமை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே ராத்திரியில் கழுத்துக்குக் கீழே முழுக்கப் பூசி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு.

டெமோடெக்ஸ் முடிக்குழியிலும் எண்ணெய்ச் சுரப்பியிலும் குடியிருப்பது. அதற்காகப் பாய், போர்வையெல்லாம் கொதிக்க வைக்கத் தேவையில்லை.

அரிப்பு நின்றதே என்று ஸ்டீராய்டு தடவுவது

இங்கேதான் எனக்கு இன்னமும் கோபம் வரும்.

எனக்கு அப்போது 23 வயது. கடை அப்பாவுடையது, ட்யூபுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பெண் பார்க்க வரப்போகிறார்கள், கன்னத்தில் பருவும் அரிப்பும். பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு பூஞ்சை மருந்து என்று மூன்றும் கலந்த ட்யூப். எது வந்தாலும் ஏதாவது ஒன்று கேட்கும் என்ற கணக்கு. மூன்றாம் நாள் அரிப்பு போயே போய்விட்டது. இரண்டு வாரத்தில் முகம் கொஞ்சம் வெளுத்துப் பளபளத்தது. பக்கத்து வீட்டு அத்தை என்ன க்ரீம் என்று கேட்டு அவரும் வாங்கிப்போனார். அந்தப் பாவமும் என் கணக்கில்தான்.

நாலு மாதம் கழித்து நிறுத்திப் பார்த்தேன். நாலே நாளில் முகம் மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி எரிந்தது. அலர்ஜி என்று நானே முடிவுகட்டி மறுபடி தடவினேன், எரிச்சல் அடங்கியது. இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. கன்னத்தில் சிவப்பு நரம்புக் கோடுகள், பூனை முடி, அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் பருக்கள். மே மாதம் லாங் பஜாருக்குப் போய்வந்தால் ராத்திரி முழுக்க முகத்தில் ஈரத்துணிதான்.

கடைசியில் ஒரு தோல் டாக்டர் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுப் பசை வைத்து என் கன்னத்தில் அழுத்தி எடுத்தார். மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். முன்னால் குட்டிக் குட்டியாக எட்டுக் கால், பின்னால் நீண்ட வால். ஒன்றிரண்டு இல்லை, கொத்துக் கொத்தாக.

ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பு சக்தியை அடக்கிவிடுகிறது. அதனால் அரிப்பும் சிவப்பும் மறைகின்றன, அதே காரணத்தால் உண்ணியும் தடையில்லாமல் பெருகுகிறது. காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டு, சத்தமே இல்லை, திருடன் போய்விட்டான் என்று சந்தோஷப்பட்ட கதைதான். படைக்குத் தடவினாலும் இதே கூத்து. படை அடங்கினாற்போல் இருந்து, உருவம் மாறிப் பரவும்.

எட்டு மாதம் ஆயிற்று முகம் அடங்க. நரம்புக் கோடுகள் இன்னும் இருக்கின்றன.

2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு தோல் மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றது. ஆனாலும் கிடைக்கிறது. ஆகவே பொடி எழுத்தைப் படியுங்கள்: பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசால், மொமெட்டசோன், ஃப்ளூவோசினோலோன். இவற்றில் எது இருந்தாலும், டாக்டர் எழுதித் தராமல் முகத்தில் வேண்டாம். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயினோடு மொமெட்டசோன் சேர்ந்த 'சிவப்பழகு' ட்யூபும் இதே ஜாதிதான். ஏற்கெனவே மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று தாமாக நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் போங்கள். படிப்படியாக வீரியம் குறைப்பதா, ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸுக்கு மாற்றுவதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். செலவுதான் கவலை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போகலாம்.

அந்தப் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன். "இவ்ளோ கதை எதுக்கு, ட்யூப் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க" என்று போய்விட்டாள். அடுத்த தெருவில் வாங்கியிருப்பாள்.

டீ ட்ரீ எண்ணெயை அப்படியே பூசுவது

வெந்துவிடும். இமையில் நினைக்கவே வேண்டாம்.

மண்ணெண்ணெய், கற்பூரம்

சே.

ஆடு மாடுகளுக்கான ஐவர்மெக்டின் என்ற உண்ணி மருந்து

மனிதர்களுக்கு மாத்திரை தனியாக இருக்கிறது. அதையும் எடை பார்த்து டாக்டர்தான் எழுத வேண்டும். கர்ப்பிணிகள் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது.

ஒரு பூச்சி விடாமல் ஒழிக்கக் கிளம்புவது

பெரியவர்கள் அநேகமாக எல்லோர் முகத்திலும் டெமோடெக்ஸ் இருக்கிறது. நீளம் 0.3 மில்லிமீட்டர் சுமார். இருப்பது நோயில்லை, பெருகுவதுதான் தொல்லை. ஒரு சதுர சென்டிமீட்டரில் 5-க்கு மேல் என்றால்தான் டாக்டர்கள் யோசிக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு ஒரு நாளைக்கு ஆறு தரம் சோப்புப் போட்டுத் தோலை உரித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

பத்தே நாளில் பலன் கேட்பது

டெமோடெக்ஸின் ஆயுளே இரண்டு, மூன்று வாரம். ஐவர்மெக்டின் க்ரீமோ மெட்ரோனிடசோல் ஜெல்லோ எழுதித் தந்தால், வாரக்கணக்கில் பூசிய பிறகுதான் வித்தியாசம் தெரியும். சிரங்கில் இன்னொரு ஏமாற்றம் உண்டு. உண்ணி செத்த பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிக்கும். மருந்து கேட்கவில்லை என்று நினைத்துத் தினமும் பெர்மெத்ரின் பூசினால், அந்த மருந்தே அரிப்பைக் கிளப்பும். அந்த நாட்களுக்கு ஒரு சாதா மாய்ஸ்சரைசரும், ராத்திரிக்கு டாக்டர் தருகிற அரிப்பு மாத்திரையும் போதும். ஒரு மாதம் தாண்டியும் அரித்தால், மருந்து பூசாமல் விட்டவர் வீட்டில் யார் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் "எனக்கெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொன்ன தாத்தாதான்.