ஆற்றில் பிடித்த கிரேஃபிஷ்ஷை ஆய்வுக்கான மாதிரியாக மாற்றுவது எப்படி?

கிரேஃபிஷ் என்பது பெரிய இறாலைப் போன்ற, கொடுக்குகள் உள்ள நன்னீர் உயிரி. அதை எங்கே பிடிக்கப் போனாலும் முதல் வேலை அனுமதி வாங்குவது. அது கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

நீர் கல்லைக் கடந்து ஓடும் பக்கத்தில், வலையின் வாய் நீரோட்டத்தைப் பார்த்தபடி கைவலையை வைத்துக் கல்லை மெல்லப் புரட்டுங்கள். கிரேஃபிஷ் வாலை அடித்துப் பின்பக்கமாகப் பாயும். பெரும்பாலும் வலையில்தான் விழும். கல்லைப் பழையபடி வைத்துவிடுங்கள்.

உயிரோடு இருக்கும்போதே படம் எடுங்கள். மாதிரியைப் பதப்படுத்தும் எத்தனாலில் (ஆல்கஹாலில்) அதன் நிறம் நிற்காது. ஓட்டில் புரதத்தோடு பிணைந்திருக்கும் அஸ்டாசாந்தின் என்ற நிறமி பிரிந்து எல்லாம் சிவந்து, நாளடைவில் வெளுத்தும் போகும்.

பிடித்ததும் எத்தனாலில் போடாதீர்கள். துடிக்கிற துடிப்பில் கொடுக்குகளை உதறிவிடும். நொறுக்கிய ஐஸில் வைத்து, அசைவு முழுக்க நின்ற பிறகு, வாலை நேராக நீட்டிப் போடுங்கள். மரபணு ஆய்வுக்கும் வேண்டுமென்றால் கால் தசையில் ஒரு துண்டைத் தனிக் குப்பியில் 95 சதவீத எத்தனாலில் வையுங்கள். உடலுக்கு 70 சதவீதம் போதும். உடலின் நீர் கலந்து எத்தனால் நீர்த்துவிடும் என்பதால் ஓரிரு நாளில் அதைக் கட்டாயம் மாற்ற வேண்டும்.

இப்போது லேபிள். நிறைய பேர் சறுக்கும் இடம் இதுதான். பால்பாயின்ட் மை எத்தனாலில் கரைந்து காகிதம் வெறுமையாகிவிடும். சாதாரண பென்சிலை மிஞ்சியது எதுவும் இல்லை என்பது என் கட்சி. கெட்டியான பருத்திக் காகிதத்தில் எழுதி ஜாடிக்கு உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டியது ஒருநாள் உரிந்துவிடும். ஓடையின் பெயர், அருகிலுள்ள பாலம் அல்லது ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, பிடித்தவர் பெயர் எல்லாம் வேண்டும். 5/6 என்று எழுதினால் மே மாதமா ஜூன் மாதமா? மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். இந்தத் துண்டுச்சீட்டு இல்லாத கிரேஃபிஷ் ஆய்வுக்கு அநேகமாக உதவாது.

ஒரே ஒரு பெண் மட்டும் கிடைத்தால் இனத்தைச் சொல்வது பல சமயம் கடினம். வட அமெரிக்க இனங்கள் பலவற்றை, இனப்பெருக்க நிலையில் உள்ள ஆணின் முதல் இணை நீந்துகாலை (வயிற்றுப் பகுதியின் அடியில் உள்ள சிறு கால்களில் முதல் ஜோடியை) வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அந்த நிலையில் அதன் நுனி கடினமாகவும் கூர்மையாகவும் இருக்கும்.

பின்சேர்க்கை: ஜாடியின் அடியில் சின்னச் சின்னப் புழுக்கள் கிடக்கின்றனவே, கொட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம்! கிரேஃபிஷ்ஷின் மேல் ஒட்டி வாழும் பிராங்கியோப்டெல்லிட் புழுக்களாக இருக்கலாம். எத்தனால் மாற்றும்போது அவற்றையும் சேர்த்துவையுங்கள்.

அப்புறம், அடுத்த ஓடையில் இறங்குமுன் வலையையும் பூட்ஸையும் கழுவி, கிருமிநாசினியில் நனைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கிரேஃபிஷ் பிளேக் என்ற கொள்ளைநோயை உண்டாக்கும், பூஞ்சை போன்ற நுண்ணுயிரியான அஃபனோமைசிஸ் அஸ்டாசி ஈரமான வலையிலேயே பயணம் போய்விடும். ஐரோப்பாவின் சொந்த கிரேஃபிஷ் இனங்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தது அதுதான்.