திருகோணமலையில் தங்கிக் கடலையும் காட்டையும் பார்ப்பது எப்படி

இலங்கையின் தேசியப் பூங்காக்கள் என்றதும் யாலவும் வில்பத்துவுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் திருகோணமலையில் தங்குபவர், முருகைக்கற்பாறைகள் சூழ்ந்த தீவையும் யானைகள் திரளும் உலர்வலயக் குளங்களையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம். அதற்கு முதலில் மாதத்தைத் தெரிவு செய்ய வேண்டும். வடகீழ்ப் பருவமழை தொடங்கிய பின்னர் கிழக்குக் கரையில் படகுப் பயணம் பாதுகாப்பானதன்று. மே முதல் செப்டெம்பர் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். குளங்கள் வற்றி யானைகள் வெளிவருவதோ ஜூலைக்குப் பின்னர். ஆகவே ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களே இரண்டுக்கும் பொருத்தமானவை.

புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இத்தீவுக்குப் பெயரைத் தந்த மாடப்புறாக்கள் இன்றும் அதன் பாறை இடுக்குகளில் கூடு கட்டுகின்றன. அனுமதிச்சீட்டைப் பெற்றுக்கொண்டு காலையிலேயே படகேறுவது நல்லது. வெயில் ஏற ஏறக் காற்றும் கூட்டமும் பெருகிவிடும். ஆழம் குறைந்த நீரிலேயே மான்கொம்பு வடிவ முருகைகளையும், செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்களையும் காணலாம். அச்சுறாக்கள் மனிதரைக் கண்டால் விலகிச் செல்பவை. முருகையின் மீது காலூன்றி நிற்பதே அங்கு நேரும் பெருந்தீங்கு. நீந்தத் தெரியாதவர் உயிர்காப்பு அங்கி அணிந்து மிதந்தபடி பார்ப்பதே முறை.

யானைகளைப் பார்க்கக் கந்தளாய் வழியாக ஹபரணை வீதியில் செல்ல வேண்டும். 1997இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மின்னேரியாவும், 2002இல் அறிவிக்கப்பட்ட கவுடுல்லாவும் அப்பக்கத்திலேயே உள்ளன. வறட்சியில் நீர் பின்வாங்கிய குளப்படுக்கையில் இளம்புல் முளைப்பதால், சுற்றுக் காடுகளிலுள்ள கூட்டங்கள் பிற்பகலில் அங்கு வந்து சேர்கின்றன. ஆனால் மின்னேரியாக் குளத்துக்கு நீர் அனுப்பும் மொரகஹகந்த நீர்த்தேக்கம் அமைந்த பின்னர், வறட்சிக் காலத்திலும் மின்னேரியாவில் நீர் உயர்ந்து புற்றரை மூழ்கிய ஆண்டுகள் உண்டு. எனவே எந்தப் பூங்கா என்பதை முன்கூட்டியே முடிவு செய்து முற்பணம் கட்டுவதைக் காட்டிலும், அந்த வாரம் யானைகள் எங்கே நிற்கின்றன என்று ஹபரணை ஜீப் சாரதிகளிடம் விசாரித்துச் செல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. பூங்காவுக்குள் பிற்பகல் மூன்று மணியளவில் நுழைந்து, ஓரிடத்தில் இயந்திரத்தை நிறுத்திக் காத்திருக்கச் சொல்லுங்கள். யானை முன்காலால் புல்லைக் கிளப்பி, துதிக்கையால் திரட்டி, வேரிலுள்ள மண்ணை உதறிய பின்னரே வாயில் இடுவதை அப்போது நிதானமாகப் பார்க்கலாம். கூட்டத்தை ஜீப்பில் துரத்துபவர் காண்பது பெரும்பாலும் அதன் முதுகையே. குட்டியுடன் நிற்கும் தாய் காதுகளை விரித்து நேராக நோக்கினால் உடனே பின்வாங்க வேண்டும்.

மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் கலப்பதற்கு முன்னர் பரந்து கிடக்கும் வெள்ளச் சமவெளியில் சோமாவதிய பூங்கா அமைந்துள்ளது. முதற்பயணத்தில் அதைத் தவிர்ப்பதால் குறையில்லை. ஆழ்கடல் கரைக்கு மிக அண்மையில் இருப்பதால் திருகோணமலைக் கடலில் நீலத்திமிங்கிலங்களும் தென்படுவதுண்டு. அவற்றைத் தேடுவோர் ஓகஸ்ட் வரை காத்திராமல் முன்னரே வர வேண்டும்.

ஹபரணை வீதியை இருட்டிய பின்னர் யானைகள் கடப்பதால், பூங்காவிலிருந்து திரும்பும்போது வாகனத்தை மெதுவாகச் செலுத்துங்கள். இயலுமாயின் அன்றிரவு ஹபரணையிலேயே தங்கிவிடுங்கள்.