நினைவு பதிவதை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தை அறைகளில் கூட்டாகப் படிக்கும் முதலாம் வருட மருத்துவ மாணவர்களின் பலகையில், நினைவு எப்படிப் பதிகிறது என்பதற்கு வருடாவருடம் ஒரே படம்தான் வருகிறது. எங்கள் பழைய கொப்பிகளிலும் அதுவே இருந்தது.

நடுவில் போடும் அம்புக்குறி

இடப்பக்கப் பெட்டியில் "குறுங்கால நினைவு", வலப்பக்கப் பெட்டியில் "நெடுங்கால நினைவு". நடுவில் ஓர் அம்பு, அதன்மேல் "மீட்டல்". பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் கலத்துக்குள் அப்படி எதுவும் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதில்லை.

அப்ளிசியா என்ற கடல் முயலின் வாலில் ஒரு தடவை மின்னதிர்ச்சி கொடுத்தால், பிறகு மெல்லத் தொட்டாலே பூவை, அதாவது செவுளை, பலமாக உள்ளிழுக்கும். கொஞ்ச நேரத்தில் அது மறைந்துவிடும். 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான எரிக் கான்டெலின் குழு இதை ஓர் ஆய்வுகூடத் தட்டிலேயே செய்து காட்டியது: ஒரு புலன் நரம்புக்கலம், ஓர் இயக்க நரம்புக்கலம், அதிர்ச்சிக்குப் பதிலாகச் செரட்டோனின் என்ற நரம்புச் செய்தி கடத்தும் இரசாயனம்.

செரட்டோனினை 5 நிமிடம் ஒரே தடவை விட்டால், கலத்துக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறான சைக்கிளிக் ஏ.எம்.பி. கூடும். பி.கே.ஏ. என்ற நொதியம் விழித்து, பொற்றாசியம் கால்வாய்களில் பொஸ்பேற்றைச் சேர்த்து அவற்றை மூடும். மின்கணத்தாக்கம் நீள்வதால் கல்சியம் அதிகம் உள்ளே வரும், அடுத்த கலத்துக்குச் செய்தி கொண்டுபோகும் குளுட்டமேற்று அதிகம் வெளியேறும். எல்லாமே ஏற்கெனவே இருக்கும் புரதங்களில் நடப்பவை. பொஸ்பேற்று கழன்றதும் முடிந்தது.

அதையே ஒன்றரை மணி நேரத்துக்குள் இடைவெளி விட்டு 5 தடவை கொடுத்தால், பி.கே.ஏ. கலத்தின் கருவுக்குள் நுழைகிறது. பரம்பரையலகுகளைத் திறக்கும் புரதமான கிரெப்-1 இயங்குகிறது, அதைத் தடுத்துக்கொண்டிருந்த கிரெப்-2 விலகுகிறது. பரம்பரையலகுகள் திறந்து புதிய புரதம் உருவாகி, புதிய நரம்பிணைப்புகள், அதாவது இரண்டு நரம்புக்கலங்கள் செய்தி பரிமாறும் இடங்கள், முளைக்கின்றன. பலன் ஒரு நாளுக்கு மேல் நிற்கும். இந்த 5 தடவைகளின்போது புரதத் தொகுப்பைத் தடுக்கும் அனிசோமைசினையும் சேர்த்தால் மறுநாள் பலன் இல்லை, குறுங்காலப் பலன் மட்டும் அப்படியே இருக்கும். அம்புப் படத்தை மனதில் வைத்திருப்பவர், அனிசோமைசின் சேர்த்தால் என்ன ஆகும் என்ற பரீட்சைக் கேள்விக்கு "இரண்டும் அழியும்" என்று எழுதிப் புள்ளியை இழக்கிறார்.

"முதல் இது, பிறகு அது எண்டா அம்புதானே அண்ணா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். இல்லை. செரட்டோனினை நரம்பிணைப்பில் படாமல் கலவுடலில் மட்டும் விட்டபோது குறுங்காலப் பலன் வரவில்லை, ஆனால் மறுநாள் இணைப்பு பலப்பட்டிருந்தது. 1993இல் வெளியான பரிசோதனை இது. முதற்பெட்டி வெறுமையாக இருக்க இரண்டாவது நிரம்பியது என்றால் அம்பு எங்கே?

சரியான படம் இப்படி: ஒரு சமிக்ஞை, இரண்டு கிளைகள். ஒன்று நரம்பிணைப்பிலேயே நின்றுவிடும். மற்றது கருவுக்குப் போய், புரதத்துடன் அதே நரம்பிணைப்புக்குத் திரும்பும்.

திரும்பும் வழியை மறப்பது

ஒரு நரம்புக்கலத்துக்கு ஆயிரக்கணக்கில் இணைப்புகள், கரு ஒன்றே ஒன்று. புதிய புரதம் எந்த இணைப்பில் தங்க வேண்டும்? தூண்டப்பட்ட இணைப்பு தற்காலிகமாக ஓர் அடையாளம் வைத்துக்கொள்கிறது, அந்த அடையாளம்தான் புரதத்தைப் பிடிக்கிறது. 1997இல் ஃப்ரே, மொரிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும், நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் துண்டுகளில், எலியில் இதைக் காட்டினார்கள். மெலிதாகத் தூண்டப்பட்ட இணைப்புகூட, அதே கலத்தில் வேறோர் இணைப்பு பலமாகத் தூண்டப்பட்டதால் உருவான புரதத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பலப்பட்டு நின்றது. இதை எழுதாத விடை பாதி விடைதான்.

"புதிய நரம்புக்கலங்கள் உருவாகின்றன"

இல்லை. புதியவை இணைப்புகள்.

ஹிப்போகாம்பஸ் கதையை இதற்குள் கலப்பது

கலத்துக்குள் நடப்பது மணிக்கணக்கு. ஹிப்போகாம்பஸிலிருந்து மூளைய மேற்பட்டைக்கு நினைவின் பொறுப்பு மெல்ல மாறுவது வருடக்கணக்கு. 1953இல் சத்திரசிகிச்சையில் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டு, புதிய நினைவுகளைப் பதிக்க முடியாமல் போன எச்.எம். என்ற நோயாளியின் கதை இரண்டாவதற்குத்தான் சான்று.

கடல் முயலின் இடைவெளியை நேரசூசியில் போடுவது

செரட்டோனின் தடவைகளுக்கு இடையில் விட்ட அந்த நிமிடங்கள் தட்டில் இருந்த இரண்டு கலங்களுக்கு உரியவை. மனிதர் இடைவெளி விட்டுப் பாடமாக்கினால் நன்றாக நிற்கும் என்பது வேறு ஆய்வுகளில் தெரிந்தது, பரீட்சை தூரத்தில் இருந்தால் அந்த இடைவெளியை நாட்கணக்கில்தான் வைக்க வேண்டும்.