ப்ளூஸ் ராக்: பாட்டைக் கேட்டுவிட்டு அரங்குக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையும் ராக் இசையும் கலந்தது ப்ளூஸ் ராக். தற்செயலாகக் காதில் விழுந்த அத்தகைய ஒரு பாடல் பிடித்துப்போய், அதைப் பாடியவரை மேடையில் பார்த்தே தீர வேண்டும் என்று சீட்டு வாங்குகிறவர்களில் சிலர் முகம் வாடித் திரும்புகிறார்கள். பெரும்பாலும் குற்றம் மேடையில் இருப்பதில்லை. வீட்டில் நூறு முறை கேட்ட பதிவை அப்படியே அங்கும் தேடுவதில்தான் இருக்கிறது.

முதலில் யார் குரலில் கேட்டோமோ அவருடைய பாடல்தான் அது என்று முடிவு கட்டிவிடுவது இந்த இசையில் எளிதில் நேரும் பிழை. கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் இடம்பெற்ற கிரீம் குழு, 1968 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் வாசித்த 'கிராஸ்ரோட்ஸ்' பாடலைப் பலர் அக்குழுவின் சொந்தப் படைப்பென்றே நினைக்கிறார்கள். அதன் மூலத்தை ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஒற்றைக் கிட்டாரை மட்டும் துணையாகக் கொண்டு பதிவு செய்தார். ஜான்சனிடம் பாட்டின் அடி நீண்டால் தாளக் கணக்கும் கூடவே நீளும். கிரீம் குழுவோ அதை நேர்த்தியான சுற்றுகளாக்கி, ஜான்சனின் வேறொரு பாடலிலிருந்து சில வரிகளையும் சேர்த்துக்கொண்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவருக்கு, மூன்றாவது கலைஞர் ஒருவர் மேடையில் அதை இன்னொரு விதமாக வாசிக்கும்போது திகைப்பு வராது.

பதிவின் நீளத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வதும் வீண். ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் 'விப்பிங் போஸ்ட்' 1969ஆம் ஆண்டு ஸ்டுடியோ பதிவில் ஏறத்தாழ 5 நிமிடம். 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் அதே பாடல் ஏறத்தாழ 23 நிமிடம் ஓடியது. ப்ளூஸின் அடிப்படைச் சட்டகம் மிகச் சிறியது என்பதே இத்தகைய நீட்சிக்கு இடம் தந்தது: மூன்று கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகள்), 12 பார்கள் (தாள அளவுகள்), மறுபடி தொடக்கம். எல்லோருக்கும் மனப்பாடமான அந்தச் சுற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றலாம். அடுத்த பகுதிக்கு மாற, குழுத் தலைவர் ஒருமுறை தலையசைத்தால் போதும். அந்தத் தலையசைப்பைக் கவனிக்கத் தொடங்கியவருக்கு நீண்ட தனி வாசிப்பு சலிப்பதில்லை. கல்பனாஸ்வரம் கேட்டுப் பழகிய நம்மவர்களுக்கு இது புரியாத சங்கதியும் அல்ல.

ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பட்டி கையின் மேடையைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். லூசியானாவில் 1936இல் பிறந்து 1957இல் சிகாகோவுக்கு வந்த அவர், பாடலை நடுவில் நிறுத்திப் பேசுவார். வேறு கலைஞர்களின் பாணியில் இரண்டு வரி வாசித்துக் காட்டுவார். கிட்டாரின் ஒலியை ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவுக்குத் தாழ்த்தி, அரங்கே மூச்சடக்கிக் காத்திருக்கையில் திடீரென ஓங்கி அடிப்பார். வாசித்தபடியே மேடையை விட்டிறங்கிக் கூட்டத்துக்குள் நடக்கும் வழக்கத்தை, கிட்டாரை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் நீண்ட மின்வடத்தோடு உலவிய கிட்டார் ஸ்லிம் என்ற கலைஞரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டார். 1991இல் வெளியான 'டேம் ரைட், ஐ'வ் காட் த ப்ளூஸ்' பாடலைக் கேட்டு, அதே வரிசையில் அதே சுரங்களை எதிர்பார்த்துச் செல்கிறவர், இந்தத் தாழ்வான இடங்களில்தான் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசத் தொடங்குகிறார். அதைவிடப் பெரிய தவறு இல்லை என்பேன். 2011இல் மும்பையில் முதல் மஹிந்திரா ப்ளூஸ் விழாவுக்கு அவர் வந்ததால், இந்த அனுபவம் நம் நாட்டு ரசிகர்கள் சிலருக்கும் வாய்த்தது.

நிற்கும் இடத்திலும் தவறு நேரலாம். சிறிய கிளப்பில் முண்டியடித்துக் கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கு நேர் எதிரே நின்றால் கிட்டார் மட்டுமே காதை அறையும். பாடகரின் குரல் பக்கவாட்டு ஒலிபெருக்கிகளிலிருந்து வருவதால் அது மங்கிவிடும். ஒலி சமன்செய்யும் மேசைக்கு அருகில் நின்றால் எல்லாம் சரியான கலவையில் கிடைக்கும், ஏனெனில் அந்த இடத்தில் இருந்துகொண்டுதான் பொறியாளர் ஒலியைச் சரிசெய்கிறார். காதடைப்பான் இல்லாமல் போவது துணிச்சல் ஆகாது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடமே மிஞ்சும். பஞ்சு போன்ற மலிவான அடைப்பான் கீச்சொலிகளை அதிகமாக விழுங்கி இசையை மந்தமாக்கும். இசைக்கலைஞர்களுக்கென்றே செய்யப்பட்டவை எல்லா ஒலிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும்.

கைபேசியில் முழுப் பாடலையும் பதிவு செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தலையசைப்பைப் பார்க்க வேண்டிய கண் திரையில் சிக்கிக்கொள்கிறது. முன்னணிக் கலைஞருக்கு முன் வாசிக்கும் குழுவைத் தவறவிடுவது, அடுத்த பாடலைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பையே தவறவிடுவதாகும்.

'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவதும் உண்டு. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் 2014 அக்டோபர் 3 அன்று சிகாகோவில் உடல்நலம் குன்றிய நிலையில் வாசித்தார். அந்தப் பயணத்தில் மீதமிருந்த நிகழ்ச்சிகள் ரத்தாயின. அடுத்த மே மாதம் தம் 89ஆம் வயதில் அவர் மறைந்தார். ரத்தான நாள்களுக்குச் சீட்டு வைத்திருந்தவர்களுக்கு அதன்பின் பதிவுகள் மட்டுமே மிஞ்சின.